உங்கள் தெருவின் பழைய கதையை இணையத்திலேயே தேடிப் பிடிப்பது எப்படி: சென்னைக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

நீங்கள் குடியிருக்கும் தெரு எப்போது போடப்பட்டது, அதற்கு முன்னால் அங்கே இருந்தது வயலா, ஏரியா, யாரோ ஒரு துரையின் தோட்ட வீடா, பெயர்ப் பலகையில் இருக்கும் ஆள் யார் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள முதல் நாளே ஆவணக் காப்பகத்துக்கு ஓட வேண்டியதில்லை. பெரும்பகுதி வேலையை வீட்டுக் கணினியிலேயே, காசு செலவில்லாமல் முடித்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் பழைய போட்டோவில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் நாற்பது படம் சேர்ந்துவிடும், எது எந்த இடம், எந்த ஆண்டு என்று ஒன்றுக்கும் பதில் இருக்காது, இரண்டாவது வாரம் விட்டுவிடுவார்கள். முதலில் பெயர், அப்புறம் வரைபடம், அதன் பிறகு எழுத்து, கடைசியில்தான் படம் என்ற வரிசையில் போனால் ஒவ்வொரு கட்டமும் அடுத்ததைச் சரிபார்க்கும்.

இது சென்னையை வைத்து எழுதியது. மதுரைக்கோ கோவைக்கோ முறை பொருந்தும், இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் அவ்வளவு இருக்காது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினி வேண்டும். போனில் இந்த வேலை நடக்காது. பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பாதி வேலை, அதற்குத் திரை அகலம் வேண்டும்.

கூகுள் எர்த் ப்ரோவை இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள், இலவசம்தான். பழைய நூல்களின் ஸ்கேன்கள் கிடைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஒரு கணக்கு, அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள். இரண்டாவது எதற்கு என்று நான்காம் கட்டத்தில் வரும்.

அப்புறம் எக்செல் மாதிரி ஒரு விரிதாள். இதைத்தான் எல்லோரும் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆறு பத்திகள் போதும்: கிடைத்த தகவல், எங்கே கிடைத்தது, பக்க எண், அந்த நூலோ படமோ வெளியான ஆண்டு, தகவல் எந்த ஆண்டைப் பற்றியது, எவ்வளவு நம்பலாம். நான்காவதும் ஐந்தாவதும் ஏன் தனித்தனி என்றால், 1939ல் சென்னையின் முந்நூறாவது ஆண்டுக்காக வெளிவந்த மலரில் ஒருவர் 1780ஐப் பற்றி எழுதியிருந்தால் அது 1780ன் சாட்சி ஆகாது, 1939ல் ஒருவர் அப்படி நம்பினார் என்பதற்குத்தான் சாட்சி. இந்த இரண்டையும் ஒரே பத்தியில் போட்டவர்கள் பின்னால் பிரிக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2. எல்லையைச் சின்னதாக வெட்டுங்கள்

"மயிலாப்பூரைப் பற்றித் தேடப் போகிறேன்" என்று தொடங்காதீர்கள். ஒரு தெரு, அதிலும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை. நீளமான சாலை என்றால் இந்தச் சிக்னலிலிருந்து அந்தச் சிக்னல்வரை.

பேட்டையின் பெயரைப் போட்டுத் தேடினால் வருவதெல்லாம் ஏற்கெனவே நூறு பேர் எழுதியதுதான், ஒருவரைப் பார்த்து ஒருவர். தெருவின் பெயரைப் போட்டால் முடிவுகள் குறையும், ஆனால் ஒரு விளம்பரம், ஒரு விலாசம், ஒரு வழக்கின் தீர்ப்பு என்று யாரும் தொடாதவை மேலே வரும்.

எல்லையைத் தீர்மானித்ததும் அந்த வட்டாரத்தில் இடம் மாறாத மூன்று நான்கு பொருள்களைக் குறித்து வையுங்கள்: கோயில் குளம், சர்ச், பாலம், ரயில் நிலையம். வரைபடக் கட்டத்தில் இவை இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

3. பெயர்ப் பட்டியல்: அவசரப்படாமல் செய்ய வேண்டிய கட்டம்

தேடுபொறிக்கு நீங்கள் கொடுக்கும் பெயர்தான் அதற்குத் தெரியும். சென்னையில் ஒரே சாலைக்கு நான்கு பெயர் இருப்பது சர்வ சாதாரணம், ஆகவே தேடத் தொடங்கும் முன் பட்டியல் போட்டுவிட வேண்டும்.

முதலில் அதிகாரப்பூர்வமாக மாறிய பெயர்கள். அண்ணா சாலை மவுண்ட் ரோடாக இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாரதி சாலையைத் தேடுகிறவர் பைகிராஃப்ட்ஸ் ரோடு என்று தேட வேண்டும், அவ்வை சண்முகம் சாலைக்கு லாயிட்ஸ் ரோடு, டி.டி.கே. சாலைக்கு மௌப்ரேஸ் ரோடு, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, ஜார்ஜ் டவுன் பக்கம் போனால் பிராட்வேயாக இருந்த பிரகாசம் சாலை. ஜார்ஜ் டவுனைப் பற்றி 19ஆம் நூற்றாண்டு நூல்களில் தேடுகிறீர்கள் என்றால் பிளாக் டவுன் என்று போட்டால்தான் எதுவும் கிடைக்கும்.

இரண்டாவது, சாதிப் பெயர் நீக்கப்பட்டவை. 1970களின் இறுதியில் தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பின்னொட்டுகள் எடுக்கப்பட்டன. ஜி.என். செட்டி ரோடு பலகையில் ஜி.என். ரோடு ஆனது. உங்கள் தெருப் பெயர் வெறும் முதலெழுத்துகளாகவோ அந்தரத்தில் நிற்கும் முதல் பெயராகவோ இருந்தால் ஒரு வால் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பத்திரங்களிலும் விளம்பரங்களிலும் முழுப் பெயர்தான் இருக்கும்.

மூன்றாவது, வாய்வழக்கு. பாண்டி பஜார் என்றால் ஊருக்கே தெரியும், ஆனால் பழைய ஆவணத்தில் தியாகராய சாலை என்றுதான் தேட வேண்டும்.

நான்காவது, எழுத்துக்கூட்டு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். 'பாக்கம்' என்று முடியும் ஊர்களை அந்தக் கால ஆங்கில நூல்கள் பலவற்றில் பி-ஏ-யூ-கே-யூ-எம் என்ற முடிவோடு எழுதியிருப்பார்கள், 'பேட்டை'க்கு பி-இ-டி-டி-ஏ-எச். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை மூன்றையும் இன்றைய எழுத்துக்கூட்டில் மட்டும் தேடினால் 1850க்கு முந்தைய முடிவுகளில் பாதியை இழப்பீர்கள்.

தமிழில் தேடும்போது வேறு ஒரு சிக்கல். 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணை, லை, ளை, னை எழுத்துகள் அச்சில் வேறு வடிவத்தில் இருந்தன, ணா, றா, னா மூன்றும் அப்படித்தான். ஸ்கேன் செய்த பழைய நூல்களை ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) படிக்கும்போது இந்த எழுத்துகளில்தான் தடுக்கி விழுகிறது. 'சென்னை' என்ற சொல்லிலேயே ஒரு னை இருக்கிறது, அதனால் அந்தச் சொல்லைத் தேடினால் பழைய நூல்கள் சரியாக அகப்படாது. சென்னபட்டணம், மதராஸ், மெட்ராஸ் என்று தேடிப் பாருங்கள். தெருப் பெயரிலும் இந்த எழுத்துகள் இல்லாத ஒரு துண்டை எடுத்துத் தேடுங்கள்.

கடைசியாக, கதவு எண். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு ஓடுகிறது. ஒரு பழைய விளம்பரத்தில் '14' என்று பார்த்ததும் இன்றைய 14ஆம் எண் வீட்டின் வாசலில் போய் நிற்காதீர்கள். எண்ணை இடம் கண்டுபிடிக்கப் பயன்படுத்தவே வேண்டாம், முனை, கோயில், எதிர்க்கட்டடம் மாதிரியானவற்றோடு ஒத்துப்போனால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. வரைபடங்கள்: இன்றிலிருந்து பின்னோக்கி

நேரே 1755ஆம் ஆண்டு வரைபடத்துக்கே போகும் ஆசை எல்லோருக்கும் வரும். போகாதீர்கள். இன்றைய வரைபடத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்கினால் எந்தக் கட்டத்திலும் நீங்கள் நிற்கும் இடம் எது என்று தெரிந்திருக்கும். மேலிருந்து குதித்தால் பழைய வரைபடத்தில் உங்கள் தெரு மாதிரியே தெரியும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு, அதுதான் என்று நம்பி, கடைசிவரை தப்பான கோட்டின் மேலேயே கதை கட்டுவீர்கள்.

முதல் படி கூகுள் எர்த் ப்ரோ. கடிகாரப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் பழைய செயற்கைக்கோள் படங்களின் காலக்கோடு வரும். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் வீடு வீடாகத் தெரியும் படங்கள் இருக்கும். காலக்கோட்டில் இன்னும் இடப்பக்கம் போனால் 1980களின் ஆண்டு ஒன்று காட்டும். அது லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள் எடுத்த மங்கலான படம், தெருவெல்லாம் அதில் தெரியாது. அதைப் பார்த்து "அப்போது இங்கே ஒன்றுமே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள், இதை நிறையப் பேர் செய்கிறார்கள்.

இரண்டாவது படி 1960களின் உளவுப் படங்கள். அமெரிக்காவின் கொரோனா செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995ல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. எர்த் எக்ஸ்ப்ளோரரில் சென்னையைக் கட்டம் போட்டுத் தேடினால் வரும். ஏற்கெனவே யாராவது காசு கட்டி ஸ்கேன் செய்ய வைத்த படச்சுருள்களை நீங்கள் இலவசமாக இறக்கலாம், மற்றதற்கு ஒரு படத்துக்கு 30 டாலர். நல்ல படங்களில் 2 மீட்டர் அளவு பொருள்கள்கூடத் தெரியும், ஆகவே ஏரி, தோப்பு, பெரிய கட்டடம் எல்லாம் துல்லியம். ஒரே தொல்லை, அந்தக் கேமரா பக்கவாட்டில் சுழன்று எடுத்ததால் சுருளின் இரு ஓரங்களும் இழுபட்டிருக்கும். மேகமில்லாத படமா என்று முன்னோட்டத்தில் பார்த்துவிட்டு இறக்குங்கள், ஒவ்வொரு கோப்பும் பெரிசு.

மூன்றாவது, டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் அமெரிக்க ராணுவ வரைபடங்கள். இந்தியத் தாள்கள் 1:250,000 அளவு என்பதால் தெருவுக்குப் பயன்படாது. ஏரிகளுக்குப் பயன்படும்.

நான்காவது, பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர் விவரத் தொகுப்பான இம்பீரியல் கெஸட்டியரோடு 1909ல் வந்த அட்லஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் இருக்கிறது. நகரம் முழுதும் ஒரே பார்வையில் தெரியும். தி.நகர், மேற்கு மாம்பலம், நுங்கம்பாக்கத்தின் மேற்குப் பக்கம் ஆகிய இடங்களில் குடியிருப்பவர்கள் இந்தக் காலத்து வரைபடத்தைப் பார்த்ததும் ஆடிப்போவார்கள், அங்கே நீளமாக ஒரு ஏரி கிடக்கும். லாங் டேங்க் என்று எழுதியிருக்கும். மாம்பலம் பக்கத்து ஏரி 1920களில் வற்றவைக்கப்பட்டு தி.நகர் ஆனது. நுங்கம்பாக்கத்தில் மிச்சமிருந்த பகுதி பிறகு தூர்க்கப்பட்டு, அந்தப் பக்கத்தில் 1976ல் வள்ளுவர் கோட்டம் வந்தது. டேங்க் பண்ட் ரோடு, லேக் வியூ ரோடு, லேக் ஏரியா, எழும்பூர்ப் பக்கம் ஸ்பர் டேங்க் ரோடு என்று இருக்கும் பெயர்களையெல்லாம் இந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பழைய கரை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று ஊகிக்க அவை உதவும், மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கோட்டையையும் ஜார்ஜ் டவுனையும் சேர்ந்தவர்களுக்கு மட்டும். ஹென்றி டேவிசன் லவ் 1913ல் வெளியிட்ட 'வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்' தொகுதிகளில் 1710ஐ ஒட்டிய தாமஸ் பிட்டின் வரைபடமும் 1755ன் கொன்ராடி வரைபடமும் இருக்கின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவில் இந்த நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்கேன் இருக்கும். பழைய நூல்களில் மடித்து வைத்த வரைபடத்தை விரிக்காமலே ஸ்கேன் செய்திருப்பது வழக்கம், வெறும் வெள்ளை மடிப்புதான் தெரியும். அப்படியானால் வேறு நூலகத்தின் பிரதியைத் திறந்து பாருங்கள். "அந்த நூலில் மேப் இல்லை" என்று சொல்கிறவர்கள் முக்கால்வாசி பேர் ஒரு பிரதியோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

5. ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டுதல்

கண்ணால் பார்த்து "இந்த ரோடுதான் அந்த ரோடு" என்று முடிவு செய்வது ஆபத்து. பழைய வரைபடத்தை இன்றையதன் மேல் அளவாகப் படியவைக்க வேண்டும். கூகுள் எர்த்தில் படத்தை மேலடுக்காகச் சேர்த்து இழுத்து, சுழற்றி வைக்கலாம், முதல் தடவைக்கு அது போதும். துல்லியம் வேண்டும் என்றால் மேப் வார்ப்பர் தளம், இன்னும் பொறுமை இருந்தால் கியூஜிஐஎஸ் மென்பொருள். மூன்றுமே இலவசம்.

வேலை என்னவென்றால், இரண்டு வரைபடத்திலும் இருக்கும் ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டிக்கொண்டே போவது. ஆறு புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள், உங்கள் தெருவைச் சுற்றி எல்லாத் திசையிலும் இருக்க வேண்டும். எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாக இருந்தால் மறுபக்கம் காற்றில் பறக்கும்.

நல்ல புள்ளிகள்: கபாலீசுவரர் கோயில் குளத்தின் மூலைகள், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தின் மூலைகள், எழும்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்ச் (1821), தீவுத்திடல் அருகே குதிரை மேல் இருக்கும் மன்றோ சிலை (1839), ராயபுரம் ரயில் நிலையம் (1856), கோட்டையின் மதில் முனைகள். வரைபடத்தின் ஆண்டு இந்தக் கட்டடத்தின் ஆண்டுக்குப் பிந்தையதுதானா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

கடற்கரையைத் தொடவே கூடாது. இது சென்னையில் எல்லோரும் செய்யும் தவறு, ஏனென்றால் வரைபடத்தில் பளிச்சென்று தெரிவது அந்தக் கோடுதான். 1870களில் துறைமுக வேலை தொடங்கிய பிறகு, இந்தக் கரையோரம் தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. 1860ன் கரையை இன்றைய கரையில் ஒட்டினால் நகரமே கிழக்கே நகர்ந்துவிடும். கூவம், அடையாறு முகத்துவாரங்களும் அப்படித்தான், மணல் திட்டு அடைப்பதும் திறப்பதுமாக இடம் மாறுகிறவை. பக்கிங்காம் கால்வாயின் கரையும் வேண்டாம், பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நிற்பதால் பழைய அகலம் இல்லை.

ஒட்டி முடித்ததும், நீங்கள் புள்ளியாகப் பயன்படுத்தாத ஒரு பழைய கட்டடத்தைப் பாருங்கள். அது தன் இடத்தில் உட்கார்ந்தால் சரி. இருபது முப்பது மீட்டர் விலகினால் பரவாயில்லை, ஒரு தெரு தள்ளி விழுந்தால் ஏதோ ஒரு புள்ளி தப்பு, ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

6. எழுத்து ஆதாரங்கள்

இப்போது உங்களிடம் பெயர்ப் பட்டியலும் இடமும் இருக்கின்றன. இனி நூல்களில் தேடினால் ஒரு வரி கிடைத்தாலும் அது எங்கே பொருந்தும் என்று தெரியும்.

டைரக்டரிகளில் தொடங்குங்கள். அசைலம் பிரஸ் ஆல்மனாக் என்று மெட்ராஸில் ஆண்டுதோறும் வந்த தொகுப்பு ஒன்று உண்டு, சில ஆண்டுகளின் பிரதிகள் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. கடைகள், அலுவலகங்கள், வெள்ளைக்காரர்களின் வீடுகள் விலாசத்தோடு இருக்கும். நம் ஆட்களின் வீடுகளை அதில் எதிர்பார்க்காதீர்கள், அது அவர்களுக்காகப் போட்ட புத்தகம் இல்லை. உங்கள் தெரு 1900 டைரக்டரியில் இல்லை என்றால் தெருவே இல்லை என்று அர்த்தமில்லை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம் அடுத்தது. அங்கே தேடுபெட்டியில் தெருப் பெயரைப் போட்டு ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடுகிறார்கள். அந்தப் பெட்டி நூலின் தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களில்தான் முக்கியமாகத் தேடும், உள்ளே இருக்கும் வரிகளில் அல்ல. ஆகவே வழி வேறு: உங்கள் பேட்டையைச் சேர்ந்த சங்கம், சபை, கோயில், பள்ளி, அச்சகம் எது என்று யோசித்து அவற்றின் பெயரில் தேடுங்கள். கோயில் தலபுராணம், சங்கத்தின் ஆண்டறிக்கை, பள்ளி மலர் மாதிரி மெலிந்த வெளியீடுகளில்தான் தெருப் பெயர்கள் கொட்டிக் கிடக்கும். நூலின் கடைசிப் பக்க விளம்பரங்களையும் அட்டையில் இருக்கும் அச்சக விலாசத்தையும் விடாதீர்கள். என்னைக் கேட்டால் பல நூல்களில் நமக்கு வேண்டிய பக்கம் அது ஒன்றுதான்.

விளம்பரத்தில் ஆண்டு போட்டிருக்காது. ஆனால் கணிக்கலாம். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் பைசா வருவதற்கு முன்போ அதை ஒட்டியோ. 'ந.பை.' (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். விலாசத்தில் 'மெட்ராஸ்-17' என்று மட்டும் இருந்து ஆறு இலக்க எண் இல்லாவிட்டால் பெரும்பாலும் பின்கோடு வந்த 1972க்கு முந்தையது. இதில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை, பழக்கதோஷத்தில் அதன் பிறகும் சுருக்கமாகவே போட்டவர்கள் உண்டு. மாறாக 600017 என்று இருந்தால் 1972க்கு முந்தையதாக இருக்கவே முடியாது.

'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழின் பழைய பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன, 1991 முதல் வரும் இதழ் அது. கட்டுரைகளைவிட வாசகர் கடிதங்களைப் பாருங்கள். ஒரு கட்டுரையில் வந்த பிழையை அந்தத் தெருவில் பிறந்த பெரியவர் ஒருவர் அடுத்த இதழில் திருத்தியிருப்பார்.

7. இப்போது படங்கள்

விக்கிமீடியா காமன்ஸ், பிரிட்டிஷ் நூலகத்தின் சேகரங்கள், பழைய அஞ்சலட்டை விற்கும் தளங்கள் ஆகிய மூன்றும் முதலில். 1850களின் தொடக்கத்தில் ஃப்ரெடரிக் ஃபீபிக் எடுத்து வண்ணம் தீட்டிய மெட்ராஸ் படங்கள் பிரிட்டிஷ் நூலகச் சேகரத்தில் உண்டு. பெரிய கட்டடங்கள், பெரிய சாலைகள்தான் அதிகம். சந்து பொந்துகளை அந்தக் காலத்தில் யார் எடுத்தார்கள்.

ஃபேஸ்புக் குழுக்களும் வாட்ஸ்அப்பும் படம் கிடைக்க நல்ல இடம், தலைப்பை நம்ப மோசமான இடம். கல்கத்தாவின் படம் மவுண்ட் ரோடாக வலம் வருவதெல்லாம் சகஜம். கூகுள் லென்ஸ், டின்ஐ ஆகிய தளங்களில் அந்தப் படத்தையே கொடுத்து, அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். கிடைக்கும் முடிவுகளில் மிகப் பெரிய அளவுள்ள, பழைய தேதியுள்ள பதிப்பு எதுவோ அதன் தலைப்பைப் பாருங்கள், அது பெரும்பாலும் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஃபிளிக்கரில் பதிவேற்றிய தேதியைப் படம் எடுத்த தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆண்டு கணிக்க, படத்துக்குள்ளேயே பாருங்கள். டிராம் தண்டவாளம் தெரிந்தால் 1895க்குப் பிந்தையது. டிராம் வண்டியே ஓடினால் 1953க்கு முந்தையது, அந்த ஆண்டு ஏப்ரலோடு நின்றுவிட்டது. அண்ணா சாலைப் படத்தில் எல்.ஐ.சி. கட்டடம் முழுதாக நின்றால் 1959ஐ ஒட்டி அல்லது அதற்குப் பிறகு. டி.என்.01 மாதிரி மாவட்ட எண்ணோடு வண்டித் தகடு இருந்தால் 1989க்குப் பிந்தையது. சுவரில் சினிமா போஸ்டர் படிக்க முடிகிறதா? அதைவிட நல்ல சாட்சி கிடையாது, படம் வெளியான வாரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும். பழைய படத்தை மறுபடி வெளியிட்ட போஸ்டராக இருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இன்னொரு வழி, உங்கள் தெருவையே பார்ப்பது. 2022ல் இந்தியாவுக்கு வந்த ஸ்ட்ரீட் வியூவில் தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாகப் போங்கள், பழைய வீடுகளின் மாடிக் கைப்பிடிச் சுவரின் நெற்றியில் சிமெண்டில் ஆண்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரர் பெயரும் சில நேரம் இருக்கும். வரிசையாக நான்கு வீட்டில் ஒரே பத்தாண்டு தெரிந்தால் அந்தப் பக்கம் மனை பிரித்த காலம் அதுவாகத்தான் இருக்கும்.

8. நில ஆவணங்கள்: தேவையான அளவு மட்டும்

பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம், பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகள். சர்வே எண் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் வீட்டுப் பத்திரத்திலேயே இருக்கும். சென்னைக்குள் நகர சர்வே எண்ணும் பழைய சர்வே எண்ணும் வேறு வேறு, பத்திரத்தில் இரண்டும் இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்த வீட்டின் பழைய பத்திரம்தான் இந்தத் தளத்தை எல்லாம்விடப் பெரிய புதையல். தாய்ப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருப்பார்கள்: கிழக்கே இன்னாரின் தோப்பு, வடக்கே வாய்க்கால், மேற்கே பொதுவழி. அந்த 'வாய்க்கால்' நீங்கள் ஒட்டி வைத்த வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் வில்லங்கத்தை ஆர்வத்துக்காக எடுத்துப் பார்ப்பதும், அதை ஊருக்குக் காட்டுவதும் வேண்டாம். சட்டப்படி பார்க்க முடிகிறது என்பதற்காக அது வரலாறு ஆகிவிடாது. அண்ணன் தம்பி வழக்கு, அடமானம், ஜப்தி எல்லாம் அதில் இருக்கும், அந்தக் குடும்பம் இன்னும் அதே தெருவில் குடியிருக்கும்.

9. பெரியவர்களிடம் கேட்பது

இதை முதலில் செய்யலாமே என்று கேட்பார்கள். வரைபடம் கையில் இல்லாமல் போனால் "தாத்தா, அந்தக் காலத்தில் இந்தத் தெரு எப்படி இருந்தது?" என்றுதான் கேட்பீர்கள், "நன்றாக இருந்ததப்பா" என்பதுதான் பதிலாக வரும். வரைபடத்தை விரித்து, "இந்த முனையில் ஒரு குளம் காட்டியிருக்கிறதே தாத்தா, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, எந்த வருஷம் மூடினார்கள்?" என்று கேட்டால் பேச்சே வேறு மாதிரி போகும்.

வருஷத்தை நேராகக் கேட்டால் தப்பாகத்தான் வரும், யாருக்கும் நினைவிருக்காது. "உங்கள் கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா மாமி?", "பெரிய பையன் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அந்த டிப்போ இருந்ததா?" என்று அவர்கள் வாழ்க்கையின் தேதிகளோடு கட்டிக் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

10. முரண்பட்டால் என்ன செய்வது, எங்கே வெளியிடுவது

நிச்சயம் முரண்படும். அப்போது எது சம்பவத்துக்குக் காலத்தால் நெருக்கமோ அதற்கு முதல் மரியாதை. 1909 வரைபடமும் 2015ன் வலைப்பதிவும் மோதினால் வரைபடம். ஆனால் பத்து இணையதளம் ஒரே வாக்கியத்தைச் சொல்வதால் அது பத்து ஆதாரம் ஆகாது, வாக்கியம் அப்படியே ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து நகலெடுத்தது. தெருப் பெயருக்குக் காரணம் சொல்லும் கதைகளில் இது மிக அதிகம். ரசமான கதையாக இருக்க இருக்கச் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய ஒவ்வொரு பக்கத்தையும், இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். வலைப்பதிவுகள் காணாமல் போகின்றன, அரசுத் தளங்களின் முகவரிகள் அடிக்கடி மாறுகின்றன.

உறுதியான பழைய பெயரை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் அந்தத் தெருவுக்கே சேர்க்கலாம், பழைய பெயருக்கென்று தனிக் குறி இருக்கிறது. கூகுள் மேப்பைப் பார்த்து அங்கே எதையும் நகலெடுக்கக் கூடாது, உரிமப் பிரச்சினை. படங்களை காமன்ஸில் ஏற்றுவதானால் இந்தியாவில் வெளியான போட்டோவுக்குப் பதிப்புரிமை முன்பு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டாக இருந்தது, 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எடுத்தவர் இறந்த பின் 60 ஆண்டு என்பதை வைத்துப் பாருங்கள். வெளியாகாத குடும்ப ஆல்பம் என்றால் குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

இணையத்தில் பதில் கிடைக்காத கேள்விகள் விரிதாளில் மிஞ்சும். அவற்றைத் தனியே எடுத்து, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம் என்று எந்தக் கேள்வி எங்கே போக வேண்டும் எனப் பிரித்துக்கொண்டு கிளம்புங்கள். "எங்கள் தெருவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் அங்கிருப்பவர்களால் உதவ முடியாது. நூலின் பெயரும் ஆண்டும் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அடையாள அட்டை கொண்டுபோங்கள், போனில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று கிளம்பும் முன்னமே கேட்டு வைத்துவிடுங்கள்.